சிப்பித் திடலின் சொந்தக்காரன்

அத்தியாயம் 7

தூத்துக்குடியில் அந்தக் கோடையில் யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. நிலம் விசாரித்தார்கள்.

உலகச் சண்டை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பஞ்சு மில், தீப்பெட்டி, பனைநார், ஐஸ் என்று எதை ஆரம்பிக்கிறவனுக்கும் துறைமுகம் பக்கத்தில் வேண்டும், ரயிலும் பக்கத்தில் வேண்டும். ஊருக்குக் கிழக்கே கடல். வடக்கும் தெற்கும் உப்பளம். மேற்கே ரயில் பாதையும், முந்திக்கொண்ட மில்களும். மிச்சம் கிடந்த மண்ணை ஊரே சென்ட் சென்டாகப் பேசியது. சவரம் செய்கிறவர் கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சென்ட் என்ன விலை என்று சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுத் தரகுக்குப் போனார். கல்லறைத் தோட்டத்துச் சுவரை நாலடி உள்ளே தள்ளிக் கட்டினால் யாருக்கு நஷ்டம் என்று ஒரு பெரிய மனிதர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். சிரிப்பதற்குப் பதிலாக ஜனங்கள் யோசித்தார்கள்.

ஏசுவடியானுக்கு இதெல்லாம் குமட்டியது. நாசரேத்துக்காரர். முப்பத்தெட்டு வயது. உப்பு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலே உள்ளவர்களோடு ஒத்துப்போகாமல் விலகி, நான்கு வருஷமாகத் துப்பறிந்து பிழைக்கிறார். கைக்குட்டையை மூன்றாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். அன்று காலை ஒன்பது மணிக்கே அது மூக்குக்கு வந்துவிட்டது.

"சங்குச் சதை சார்," என்றார் காசிலிங்கம். "அழுகினாத்தான் சங்கு சுத்தமாகும். மனுஷனுக்கும் அப்படி ஒரு வழி இருந்தா நல்லா இருக்கும்."

காசிலிங்கம் ஏசுவடியானின் உதவியாளர். ஐம்பது வயது. இருபது வருஷம் துறைமுகத்தில் தோணிக்கு ஏறும் மூட்டைகளை எண்ணியவர். இப்போது எண்ணுவதற்கு மூட்டை இல்லாததால் வார்த்தைகளை எண்ணாமல் செலவழித்தார்.

இருவரும் சிப்பித் திடலில் நின்றார்கள். முன்காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தபோது ஆண்டாண்டாகச் சிப்பியைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த இடம். மூன்று ஏக்கர். மண் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் உப்பளம் சகதியாகக் கிடக்க, இது மட்டும் கல் மாதிரி இறுகி மேடாக நின்றது. பாரமான இயந்திரத்தை இறக்கி வைத்தால் உள்ளே போகாது. ஒரு கூடை மண் அடிக்க வேண்டாம். துறைமுகச் சாலை கூப்பிடு தூரம். வடக்கேயிருந்து வந்த ஒரு மில் கம்பெனி இதன்மேல் கண் வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

திடலின் ஓரத்தில் ஒரு ஓலை வீடு. அதில், ஆள் அனுப்பி அவர்களை வரவழைத்த அமலோற்பவம் இருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவன் சந்தியாகு சங்கு குளிக்கிறவர், ஆறு வருஷத்துக்கு முன்னால் கடலில் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். திடலில் பதினோரு குடும்பம் வலை உலர்த்தியது. வலைக்கு இவ்வளவு மீன் என்று அவளுக்குக் கொடுத்தார்கள். வீடும் அதுதான், சோறும் அதுதான்.

"பட்டா யார் பேர்ல இருக்கு?" என்றார் ஏசுவடியான்.

"எங்க மாமனாரு மூத்த மவன் பேர்ல எழுதி வச்சிட்டாரு. ரோச்சு. எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன்."

"நீங்க அவரைப் பாத்திருக்கீங்களா?"

"நான் இந்த வீட்டுக்கு வருமுன்னமே அவுக கொழும்புக்குத் தோணி ஏறிட்டாக. இருபத்தேழு வருசம் ஆச்சு. ஒரு கடுதாசி கிடையாது. செத்துட்டாகன்னுதான் நெனச்சோம்."

"ஏன் போனார்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாக இருக்கும்.

"கலியாணத்துக்குப் பயந்துதான். கோயில்ல கலியாண ஓலை ரெண்டு வாசிச்சாச்சு, மூணும் வாசிச்சாத்தான் தாலி கட்டலாம். மூணாம் ஓலைக்கு மொத நாள் ஆளக் காணோம். பொண்ணு வீட்டுக்காரங்க இந்தத் திடலுக்கே வந்து மண்ண வாரித் தூத்துனாங்களாம்."

இப்போது அந்த ரோச் திரும்பி வந்திருந்தார். வந்த மூன்றாம் நாளே திடலை மில்லுக்கு விற்கச் சம்மதித்துவிட்டார். இன்று பகல் இரண்டு மணிக்குச் சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு. பதிவாகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைப் பிரிக்க வேண்டும்.

"அவர் ரோச்தானான்னு சொல்ல ஊர்ல யாரும் இல்லையா?"

"கூடக் குளிச்சவங்க எல்லாம் கல்லறைக்குப் போயாச்சு. மிச்சம் ரெண்டு பேரு. அவங்களுக்குக் கண்ணு தெரியல. இல்ல, தெரியலன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். அகன்ற தோள். கயிறு இழுத்துக் காய்த்த கை. அவளுடைய அண்ணன் இன்பமணி. தங்கச்சி வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"சார், நான் சொல்லுதத ஒங்க வாயால அவகிட்டச் சொல்லுங்க. கோர்ட்டு கச்சேரின்னு போனா நாம தாங்குவோமா? அந்த ஆளு ஏதோ பாத்துத் தாரேங்காராம். வாங்கிட்டு எங்கிட்ட வந்து இருக்கட்டும். நான் இருக்கேன்லா."

"எனக்கு ஒண்ணும் பாத்துத் தர வேண்டாம்," என்றாள் அமலோற்பவம்.

"பிடிவாதம் சார். எங்க அப்பன் புத்தி."

அவன் குரலில் பாசம் இருந்தது. பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு சோலி இருக்கிறது என்று கிளம்பினான்.

குதிரை வண்டியில் ஏறியதும் காசிலிங்கம் சொன்னார்: "சார், அந்தக் கொழும்பு ஆளு நானும் அப்பாகூடச் சங்கு குளிச்சவன்தான்னு ஊர் பூராச் சொல்லிட்டு இருக்கான். ஒரே கேள்விதான். முங்கும்போது ஒன் கயித்த எவன் பிடிச்சான்னு கேளுங்க."

"அதில் என்ன?"

"முக்குளிக்கிறவன் இடுப்புல கயிறு. மேல தோணியில ஒருத்தன் கையில மறுமுனை. கீழ உள்ளவன் அசச்சா மேல உள்ளவன் இழுக்கணும். கொஞ்சம் சொணங்கினா உள்ள போனவன் பொணம். அதனால அந்தக் கயித்த அண்ணன் தம்பி கையில குடுக்க மாட்டாங்க."

"ஏன்?"

"அண்ணன் தம்பின்னா சொத்துல பங்கு இருக்கே. பொஞ்சாதி கூடப் பிறந்தவன் கையிலதான் குடுப்பாங்க. இவன் செத்தா அவன் தங்கச்சி தாலி போகும். ஆகையினால பிடிச்ச கயித்த விடமாட்டான். மச்சான் பிடிக்கிற கயிறுன்னே பேரு. இது உள்ள ஆளுக்குத்தான் தெரியும். வெளியாளு பாசமா, என் தம்பி பிடிச்சான்னுவான். அங்கன மாட்டுவான்."

ஏசுவடியான் கைக்குட்டையை மடித்தார். மனிதனை மனிதன் எவ்வளவு நம்பலாம் என்பதை அந்தத் தோணிக்காரர்கள் கணக்காக அளந்து வைத்திருந்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

*

கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடி. மில்லுக்காக நிலம் வாங்கித் தரும் ஏஜெண்டு ராஜதுரை அங்கே தங்கியிருந்தார். சுவர் முழுக்க ஊரின் வரைபடம். வாங்கிய இடம் எல்லாம் சிவப்புப் பென்சில். சின்னம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. சிப்பித் திடலைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம்.

"வாங்க, வாங்க. துப்பறியுதவுகளா? நல்லாத் துப்பறிங்க. எனக்கும் சுத்தமான பத்திரம்தான் வேணும்." அவர் வாயில் வெற்றிலை இருந்தது. "மிஷின் கப்பல் ஏறிட்டுது அண்ணாச்சி. வந்தா எறக்க எடம் இல்ல. மொதலாளி தினம் தந்தி அடிக்காரு. இந்த ஊர்ல எடம் கேட்டா, கடலுக்குள்ள கை காட்டுதான். நேத்து ஒருத்தன் அலை அடிக்கிற எடத்துக்குப் பட்டா கொண்டாந்தான். தண்ணி வத்துனப்புறம் வந்து பாருங்கங்கான்."

"வாங்கினீங்களா?" என்றார் காசிலிங்கம்.

"ரெண்டு நாள் டயம் கேட்டிருக்கேன்," என்றார் ராஜதுரை. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

உள்ளறையில் ரோச் என்பவர் கோழி பிரியாணி தின்றுகொண்டிருந்தார். தடித்த உடம்பு. முன்தலை வழுக்கை. மெத்தென்ற கைகள். இருபத்தேழு வருஷம் பலசரக்குக் கடையில் உட்கார்ந்தவன் கை அப்படித்தான் இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு தொங்கியது.

"உத்தரியத்துல கடை மடிப்பு இன்னும் போகல," என்று காசிலிங்கம் காதோடு சொன்னார்.

"அப்பா பேரு?" என்றார் ஏசுவடியான்.

"மிக்கேல்."

"வீட்டு வாசல் எந்தத் திக்கு?"

"அப்போ தெக்க. எங்க அம்மா செத்தப்புறம் கிழக்க மாத்துனாரு."

"தோணி பேரு?"

"பனிமயம். பாயில ஒரு ஒட்டு உண்டு, தெக்கு மூலையில."

எல்லாம் சரி. அமலோற்பவம் சொன்னதும் இதுவே. கேள்வி முடியுமுன் பதில் வந்தது. ஒரு இடத்திலும் நெற்றி சுருங்கவில்லை. இருபத்தேழு வருஷம் மறந்திருந்தவர்போல் இல்லை.

"சங்கு குளிச்சீங்களாமே."

"பதினாறு வயசுல இருந்து. கொழும்புக்குப் போறதுக்கு மொத வாரம் வரைக்கும்."

"உங்க கயித்தை யார் பிடிச்சாங்க?"

காசிலிங்கம் ஒரு அடி முன்னால் வந்தார். ரோச் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கேள்வி இது. மச்சான்தான். பொஞ்சாதி கூடப் பொறந்தவன் பிடிக்காம வேற எவன் பிடிப்பான்? கூடப் பொறந்தவன் கையில கயித்தக் குடுத்துட்டு எவனாவது முங்குவானா?"

காசிலிங்கத்தின் முகம் விழுந்தது.

ரோச்சுக்கு உற்சாகம் வந்துவிட்டது. விரலை நக்கிக்கொண்டு தொடர்ந்தார். "தோணியில பத்துக் கயிறு தொங்கும். எது எவனோடதுன்னு தெரியணும்லா? எங்க மச்சான் கைப்பிடியில சேலைத் துணி கட்டியிருப்பான். கலியாணச் சேலையில கிழிச்சது. கிளிப்பச்சை. பாக்காமலே, தொட்ட ஒடனே கை கண்டுபிடிச்சிரும்."

"போதுமா அண்ணாச்சி?" என்றார் வாசலில் நின்ற ராஜதுரை. "ரெண்டு மணிக்கு வாங்க. பந்தியில ஒரு எல சேத்துப் போடச் சொல்லுதேன்."

*

வண்டி உப்பளத்து ஓரமாகப் போனது. வெயில் உப்புக் குவியலில் பட்டுக் கண்ணைக் குத்தியது. காசிலிங்கம் அந்தக் குவியல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தார். அது வண்டிக்காரனுக்கே விநோதமாக இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

"மன்னிச்சிருங்க சார். அவன் ரோச்சுதான். நம்ம சோலி முடிஞ்சுது. அந்தப் பொம்பளகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

ஏசுவடியான் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசி, உம்ம கயித்தை யார் பிடிப்பா?"

"எனக்கா? நான் குளத்துலயே முங்க மாட்டேன். பிடிச்சா எங்க மச்சான் பிடிக்கணும். அவன் பிடிச்சா முழுகிருவேன். வாங்கின மூக்குத்திய இன்னும் திருப்பித் தரலன்னு கோவம்."

"மச்சான் எப்போ வந்தான் உமக்கு?"

"என்ன சார் இது. கலியாணம் ஆன அன்னைக்கு."

"ரோச்சுக்கு?"

காசிலிங்கம் வண்டிக் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணாம் ஓலைக்கு முன்னாலே ஓடிப்போனவர்," என்றார் ஏசுவடியான். "தாலி கட்டவில்லை. பொண்ணு வீட்டுக்காரர்கள் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையன் இவருக்குக் கயிறு பிடித்திருக்க மாட்டான். அப்படியானால் கலியாணச் சேலை எங்கேயிருந்து வந்தது?"

"கலியாணம் ஆவாத பயலுக்குத் தாய்மாமன்லா பிடிப்பான்." காசிலிங்கம் நெற்றியில் தட்டிக்கொண்டார். "சரியான பதிலச் சொல்லி மாட்டிக்கிட்டானே சார். தப்பாச் சொல்லியிருந்தாக்கூட மறந்துட்டேன்னு தப்பிச்சிருப்பான்."

"அவன் தப்புப் பண்ணவில்லை. சொல்லிக் கொடுத்தவன் பண்ணியிருக்கிறான். ஊர் வழக்கம் தெரியாதவன் தம்பி என்று சொல்லிக் கொடுத்திருப்பான். மச்சான் என்று யோசிக்காமலே வாயில் வருகிறவன், தோணியிலேயே வளர்ந்தவன். நீர் சொன்னீரே, உள்ளாள். கைப்பிடியில் துணி கட்டுவது எல்லாத் தோணியிலும் உண்டா?"

"நான் பாத்ததில்ல. கயித்துல முடிச்சுதான் போடுவாங்க. ஒத்த முடிச்சு, ரெட்ட முடிச்சு. துணி கட்டினா உப்புல நைஞ்சு போயிரும்."

"அப்போ அந்தத் துணி யாரோ ஒருத்தர் கையில் நிஜமாக இருந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லும்."

அமலோற்பவம் முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஏசுவடியான் கேட்க வந்ததைக் கேட்டார். கயிற்றின் கைப்பிடியில் பச்சைத் துணி.

அவள் கருவாட்டை விட்டு எழுந்தாள். கையைக் கழுவினாள். உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்தாள். ஒரு சேலையோடு வந்தாள். கிளிப்பச்சை. பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தாள். முந்தானை ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து, கிழித்த இடத்தை மடித்துத் தைத்திருந்தது.

"எனக்குக் கலியாணம் ஆன மறுமாசம் கிழிச்சுக் குடுத்தேன். இது என் சேலை. எங்க வீட்டுக்காரரு கயிறு."

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. அவுகளுக்கு."

"அப்புறம்?"

அவள் சேலையை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"கயித்தப் பிடிச்சவருக்கு," என்றாள்.

காசிலிங்கம் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"துணி கட்டணும்னு கேட்டதே எங்க அண்ணன்தான் சார். முடிச்சுன்னா கை மரத்துப்போனா தெரியாது, துணின்னா தெரியும்னாரு. ஒன் புருசன் உசிரு என் கையில இருக்குதுளா, நல்ல துணியாக் குடுன்னாரு. அவுக போன அன்னைக்கும் அந்தக் கயிறுதான். அண்ணன்தான் இழுத்துப் போட்டாரு. ஆறு பாகம், ஆறு ஆள் ஆழம். உசிரு இல்ல."

ஏசுவடியான் முற்றத்தைப் பார்த்தார். காலையில் இன்பமணி தண்ணீர் கொண்டுவந்த பானை அங்கேயே கவிழ்ந்திருந்தது. ஒரு மனிதன் தங்கச்சி வீட்டுக்குத் தண்ணீர் சுமந்துவிட்டு அந்த வீட்டை விற்கப் போகிறான். இரண்டையும் ஒரே கையால் செய்கிறான். திருடனைப் பிடித்தபோதெல்லாம் அவருக்குச் சின்னச் சந்தோஷம் உண்டு. இன்று இல்லை.

"வீட்டப் பூட்டிட்டு வாரேன்," என்றாள் அமலோற்பவம்.

*

சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ் தாழ்வாரத்தில் உட்கார இடம் இல்லை. நிற்கவும் இல்லை. பத்திரம் எழுதுகிறவர்கள் தரையில் சப்பணமிட்டு எழுதினார்கள். தரகர்கள் காதுக்குள் பேசினார்கள். ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். அவருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. மகன் அவர் பெருவிரலில் மை தடவிக்கொண்டிருந்தான்.

உள்ளே சப்ரிஜிஸ்திரார் அற்புதமணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். களைத்த மனிதர். எதிரே ராஜதுரை, பக்கத்தில் ரோச். சுவரோரம், விற்கிறவரை இன்னார்தான் என்று அடையாளம் சொல்ல வந்த இரண்டு சாட்சிகள். ஒருவன் லாட்ஜ் கணக்கப்பிள்ளை. இன்னொருவன் புது வேட்டி கட்டியிருந்த இன்பமணி.

தங்கச்சியைப் பார்த்ததும் எழுந்தான். பிறகு உட்கார்ந்தான்.

"சார், ஆட்சேபம் ஒன்று இருக்கிறது," என்றார் ஏசுவடியான்.

"இந்த வருஷம் ஆட்சேபம் இல்லாத பத்திரமே வரல," என்றார் அற்புதமணி. "சொல்லுங்க."

"பத்திரத்தில் விற்பவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? வாசிக்க முடியுமா?"

அற்புதமணி விரல் வைத்து வாசித்தார். "மிக்கேல் குமாரன் ரோச், வயது நாற்பத்தேழு, நாளது தேதி வரை விவாகமாகாதவன், வாரிசு யாதொருவரும் இல்லாதவன்..."

"மொதலாளி வக்கீலு அத அழுத்தி எழுதச் சொன்னாரு," என்றார் ராஜதுரை. "பின்னால பொஞ்சாதி பிள்ளைன்னு எவனும் வந்து நிக்கக் கூடாதுல்லா."

"வாஸ்தவம். விவாகமாகாதவர்தானே நீங்க?" ஏசுவடியான் ரோச்சைக் கேட்டார்.

"ஆமா. பிரம்மச்சாரி." மார்பில் கைவைத்துச் சொன்னார்.

"காலையில் எங்களிடம், பெண்சாதி கூடப் பிறந்தவன் கயிறு பிடித்தான் என்றீர்கள். கலியாணச் சேலையைக் கிழித்துக் கட்டினான் என்றீர்கள். பிரம்மச்சாரிக்கு அந்த மச்சானை யார் கொடுத்தது?"

ரோச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பதிலுக்காக அவர் கண் எங்கே போகிறது என்று ஏசுவடியான் பார்த்தார். அது ராஜதுரையிடம் போகவில்லை. சுவரோரம் போனது.

"இந்தச் சேலை," என்று அமலோற்பவம் மேசைமேல் வைத்தாள். கிழிந்த முந்தானையை விரித்துக் காட்டினாள். "என்னோடது."

அற்புதமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சேலையைத் தொடவில்லை. பேனாவை மூடினார்.

"போலீசுக்கு ஆள் அனுப்பட்டுமா, நீயே சொல்லுதியா? ஆள் மாறாட்டத்துக்கு ஏழு வருஷம்."

தடித்த மனிதர் உத்தரியத்தைக் கழற்றிவிட்டார். கழுத்து அரித்ததோ என்னவோ.

"என் பேரு ராமர். சாயர்புரத்துக்கு மேக்க. கொழும்புல கடைக்காரன் இல்ல, கடையில சமையக்காரன். இந்தா ஒக்காந்திருக்காரே இன்பமணி, இவரு அங்கன தோணியில வந்தப்போ பழக்கம். தினம் சாயந்தரம் ஒக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. கயித்தப் பத்திக் கேட்டா இப்படிச் சொல்லுன்னாரு. நான் என்னத்தக் கண்டேன் சாமி? எனக்குக் கடலப் பாத்தாலே தல சுத்தும்."

"ராமருக்கே வனவாசம் போக நெலம் கிடைக்கல போல," என்றார் காசிலிங்கம். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அற்புதமணி பத்திரத்தின் மேல் குறுக்கே எழுதினார். மறுக்கப்பட்டது. தேதி போட்டார். சேவகன் ராமரின் தோளில் கை வைத்தான்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் முதலில் பேசியது ராஜதுரை. அவர் முகத்தில் வெட்கமோ கோபமோ இல்லை. வெற்றிலையை மாற்றிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இவங்க கூட்டிட்டு வந்தாங்க, நான் நம்பினேன். போவட்டும். ரோச்சு இல்லன்னா இப்போ வாரிசு நீங்கதான்னு ஆயிட்டுது. அதே வில. நாளைக்கே வேணாலும் எழுதலாம். ஸ்டாம்பு காயிதம்கூட மிச்சம் இருக்கு."

ஏசுவடியான் அவரை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். அங்கே இன்னொரு தரகன் நின்றான். எங்கே தள்ளி நின்றாலும் ஒருவன் நின்றான்.

"அங்கன நான் இருக்கேன்," என்றாள் அமலோற்பவம்.

"ஆள் இருக்கிற எடத்தத்தானம்மா கேப்பாங்க."

"எம் பிள்ளைக இருக்கு. வலை காயுது. குடுக்க மாட்டேன்."

ராஜதுரை பென்சிலால் கன்னத்தைச் சொறிந்தார். அவருக்கு அவசரம் இல்லை. ஆறு மாதம் கழித்து விலை ஏறியிருக்கும், அவள் கஷ்டமும் ஏறியிருக்கும் என்று அவர் முகம் சொன்னது. குடையை விரித்துக்கொண்டு படி இறங்கினார்.

இன்பமணி தூணோரம் நின்றான். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தங்கச்சி சமாதானமாகிவிடுவாள் என்றுதான் நினைத்திருப்பான்.

"ஏளா, கோவப்படாத. அந்தச் சிப்பிய வச்சு நீ என்ன செய்வ? ஒனக்கும் பிள்ளைகளுக்கும் சேத்துத்தான் பேசுனேன். புன்னைக்காயல்ல தோப்போட ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். ஒன்னத் தெருவுல விடுவனா? நான் யாரு?"

அவள் அவன் எதிரே போய் நின்றாள். சேலையை மார்போடு பிடித்திருந்தாள்.

"பச்சத் துணிய எப்படிக் கட்டுனன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தியா?"

"ஏதோ வாயில வந்துது."

"எங்க கிழிச்சுது, என்ன நிறம், கையில எப்படித் தெரியும், எல்லாம் ஞாபகம் இருக்கு."

"பன்னெண்டு வருசம் பிடிச்ச கயிறுளா. மறக்குமா?"

"அப்போ சொல்லு. அன்னைக்கு அவுக கயித்த அசச்சாகளா?"

தாழ்வாரத்தில் இரைச்சல் குறையவில்லை. யாரோ யாரிடமோ சென்ட் விலை சொன்னார்கள். இன்பமணி தன் கையைப் பார்த்தான். பிறகு அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ஆறு வருசம் ஆச்சு," என்றான். "எனக்கு ஞாபகம் இல்ல."

காசிலிங்கம் ஏசுவடியானின் முழங்கையைத் தொட்டார். போய்விடலாம் என்பதுபோல. ஏசுவடியான் அசையவில்லை. அந்த இடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளைத் தனியே விட்டுப் போக முடியவில்லை.

"யோசிச்சுச் சொல்லு," என்றாள் அமலோற்பவம்.

உள்ளேயிருந்து சேவகன் அடுத்த பத்திரத்தைக் கூப்பிட்டான். நாற்காலியோடு கிழவரைத் தூக்கினார்கள். வழி விடச் சொன்னார்கள். இரண்டு தடவை சொன்னார்கள். அவள் விடவில்லை. நாற்காலியைச் சாய்த்து அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.